மத்தியானம் அளந்தால் 535 வோல்ட், மார்கழிக் காலையில்?

வாசகர் கேள்வி - பதில்

மொட்டை மாடி சோலார் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம், செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. மானியம், யூனிட் கணக்கு எல்லாம் பலரும் சொல்லித் தந்துவிடுகிறார்கள். பேனலிலிருந்து, அது தரும் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் வரை இறங்கும் வயரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, தீப்பிடிப்பது அங்கேதான். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

காரைக்குடி செக்காலையில் வீடு. 550 வாட் பேனல் 12 வாங்கியிருக்கிறோம், 5 கிலோவாட் இன்வெர்ட்டர். எலெக்ட்ரீஷியன் தம்பி 12 பேனலையும் ஒரே ஸ்ட்ரிங்காகப் போட்டுவிடலாம் என்கிறார். இன்வெர்ட்டர் 550 வோல்ட் வரை தாங்குமாம். மத்தியானம் மீட்டர் வைத்தே காட்டினார், 535தான் இருந்தது. போடலாமா சார்?

போடாதீர்கள். தம்பி பொய் சொல்லவில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. அளந்த நேரம்தான் தப்பு.

பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் வி.ஓ.சி. என்று போட்டு ஒரு எண் இருக்கும். எதுவும் மாட்டாமல் சும்மா வெயிலில் வைத்தால் இரண்டு முனைக்கும் நடுவே வரும் வோல்ட் அது. 550 வாட் பேனலுக்குச் சுமார் 50. ஸ்ட்ரிங் என்றால் ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கோத்துக்கொண்டே போவது, அப்படிக் கோத்தால் வோல்ட் கூடிக்கொண்டே போகும், ஆம்பியர் மட்டும் கூடாது. 12 பேனலுக்கு 600 வோல்ட். அதுவும் பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது.

மத்தியானம் நம் ஊர் மாடியில் பேனல் 65 டிகிரிக்குப் போய்விடும், கை வைக்க முடியாது. சூடு ஒரு டிகிரி ஏறினால் வோல்ட் ஏறக்குறைய 0.27 சதவீதம் இறங்கும். 40 டிகிரி ஏறினால் 11 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக. 600-இல் அதைக் கழித்துப் பாருங்கள், உங்கள் தம்பி பார்த்த 535 வந்துவிடும். அதே பேனல் மார்கழி மாதம் விடிந்து வெயில் பட ஆரம்பிக்கும்போது 20 டிகிரியில் இருந்தால் 600 என்பது 608 ஆகிவிடும். 550 தாங்கும் இன்வெர்ட்டருக்கு 608 கொடுத்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டரும் போகும், வாரன்டியும் பெரும்பாலும் கிடைக்காது, ஏனென்றால் எவ்வளவு வோல்ட் வந்தது என்று பல இன்வெர்ட்டர்கள் தானே குறித்து வைத்துக்கொள்கின்றன. மார்கழிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நல்ல மழை பெய்து ஓய்ந்து சட்டென்று வெயில் அடிக்கும்போது லைனில் கரன்ட் போனால் போதும். கரன்ட் போனால் இன்வெர்ட்டர் இழுப்பதை நிறுத்திவிடும், ஸ்ட்ரிங் அந்த நிமிஷமே முழு வோல்ட்டுக்கு ஏறிவிடும்.

11 போடலாமே என்று கேட்பீர்கள். 25 டிகிரியில் சரியாக 550, குளிர்ந்த காலையில் 557. அதுவும் கூடாது.

6 பேனல் ஒரு ஸ்ட்ரிங், 6 பேனல் இன்னொரு ஸ்ட்ரிங், இரண்டும் இன்வெர்ட்டரின் வேறு வேறு எம்பிபிடி வாயிலுக்கு (பேனலிலிருந்து அதிகபட்ச வாட்டை இழுக்கும் பகுதிதான் எம்பிபிடி). ஒவ்வொன்றும் 300 வோல்ட், நிம்மதியான எண். சித்திரை வெயிலில் ஓடும்போது 210, 220-க்கு இறங்கினாலும் பெரும்பாலான 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் சுணங்காமல் வேலை செய்யும். எம்பிபிடி ஒன்றே ஒன்றுதான் என்றால், இரண்டு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து மாட்டும் முன் ஆம்பியரைப் பாருங்கள். ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஐ.எஸ்.சி. (இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தால் ஓடும் ஆம்பியர், இதுவும் ஸ்டிக்கரில் இருக்கும்) 14 என்றால் சேர்த்தால் 28, இன்வெர்ட்டர் தாளில் போட்டிருக்கும் உச்ச ஷார்ட் சர்க்யூட் ஆம்பியர் அதற்கு மேல் இருக்க வேண்டும். மொத்தம் 6.6 கிலோவாட் பேனலை இந்த 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஏற்குமா என்பதும் அதே தாளில் இருக்கும்.

மாட்டும் முன் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தனித்தனியாக டிசி 1000 வோல்ட் அளக்கும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று 50 குறைந்தால் ஒரு பேனல் விட்டுப்போயிருக்கிறது. 100 குறைந்தால் ஒரு பேனல் தலைகீழாக மாட்டியிருக்கிறது. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கின்றன. சிவப்பு வயர், கறுப்பு வயர் என்று நிறத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக்கூடாது, வயர் முனையில் இணைப்புக் கிளிப்பைப் பொருத்தியவரே மாற்றிப் பொருத்தியிருக்கலாம். இன்வெர்ட்டரில் மாட்டிய பிறகுதான் மாறியது தெரிகிறது என்றால், பதறிப்போய் அப்போதே பிடுங்கவோ டிசி சுவிட்சைத் தட்டவோ வேண்டாம். இந்த ஒன்று முக்கியம். வெயில் இறங்கி, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரன்ட் அரை ஆம்பியருக்குக் கீழே வந்த பிறகு அணைத்துக் கழற்றுங்கள்.

தேவகோட்டையில் சோலார் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. பேனல் வயர் வந்து சேரும் டிசி பாக்ஸைத் திறந்தால் லேசாகக் கருகின வாடை. உள்ளே வீட்டுக்குப் போடும் சாதாரண எம்சிபிதான் (கரன்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது. அது போதாதா?

போதாது, உடனே மாற்ற வேண்டியது. வீட்டு லைனில் ஓடுவது ஏசி, அது ஒரு விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும், அதனால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானே அணைந்துவிடும். டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. 300 வோல்ட் டிசியைச் சாதாரண எம்சிபியில் திறந்தால் பொறி நின்று எரியும், உள்ளே பிளாஸ்டிக் உருகும். டிசி என்றே அச்சிட்ட, உங்கள் ஸ்ட்ரிங் வோல்ட்டுக்கு மேல் தாங்கும் ஐசொலேட்டர் சுவிட்ச்தான் வேண்டும். டிசி எம்சிபியிலும் சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும், மாற்றி மாட்டினால் அதுவும் இதே கதைதான்.

வாடை வருகிறது என்பதால் அந்த எம்சிபியைத் தட்டாதீர்கள். முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தை அணையுங்கள், கரன்ட் ஓடுவது நின்றுவிடும். அப்புறம் இன்வெர்ட்டரிலேயே இருக்கும் டிசி சுவிட்ச். ஐந்து நிமிஷமாவது விட்டுவிட்டு மற்ற வேலை. மாடியிலிருந்து பாக்ஸ் வரை வரும் வயரில், பகல் வெளிச்சம் இருக்கும்வரை, முழு வோல்ட் இருக்கும், அதை எந்தச் சுவிட்சும் சாகடிக்காது, ஆகவே பாக்ஸ் வேலையைச் சூரியன் சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வருபவரிடம், பேனல் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எம்.சி.4 கிளிப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவி இல்லாமல் குறடால் நசுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வயரைப் பிடித்து இழுத்தால் அது கையோடு வந்துவிடும், அல்லது கிளிப்பின் கறுப்புப் பிளாஸ்டிக் ஓரத்தில் காப்பி நிறத்தில் பொங்கியிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டாலும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஒரு கம்பெனி ஆண் கிளிப்பில் இன்னொரு கம்பெனி பெண் கிளிப் பூட்டிக்கொள்ளத்தான் செய்யும், ஆனால் உள்ளே தொடுவது சரியாக இருக்காது, நாளடைவில் சூடேறும்.

பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீடு. முகப்பு மாடியில் பேனல் வைத்து, வயரை இரண்டாம் கட்டு வரை மச்சு வழியாகவே கொண்டுபோகலாம், வெளியே தெரியாது என்கிறார்கள். பங்காளிகளும் வெளிச்சுவரில் குழாய் வேண்டாம் என்கிறார்கள்.

ஆச்சி, உங்கள் பங்காளிகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். மச்சு முழுக்கப் பர்மா தேக்கு. நூறு வருஷம் காய்ந்த மரம். அதன் நடுவே அணைக்க முடியாத 300 வோல்ட் டிசியைக் கொண்டுபோய், எலி ஒரு இடத்தில் கடித்து வைத்தால், ஃபியூஸ்கூடப் போகாது. ஏனென்றால் பேனல் ஷார்ட் ஆனாலும் வழக்கமாக ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கரன்ட் தரும், அந்தக் கொஞ்சத்துக்கு ஃபியூஸ் அசையாது. அழகு கெடக்கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு, அப்படிப்பட்ட வீடு இனி யாரும் கட்டப்போவதில்லை. அதற்காகத்தான் சொல்கிறேன், இன்வெர்ட்டரை மாடிப்படி அறையிலேயோ முகப்பை ஒட்டிய வெளிச்சுவரில் நிழலிலேயோ வையுங்கள். டிசி வயர் சில அடியோடு முடிந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்குள் போவது ஏசி, அதை எம்சிபி பார்த்துக்கொள்ளும். வெளியே வரும் கொஞ்சத் தூரமும் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் வயராக, குழாய்க்குள், பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்துப் பக்கத்திலேயே போகட்டும்.

சுண்ணாம்புத் தளத்தில் துளை போட விடாதீர்கள், ஒழுகும். தளம் பாரம் தாங்குமா என்று ஒரு இன்ஜினீயரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கான்கிரீட் கட்டை பாரத்தில் ஸ்டாண்டை நிறுத்தலாம். எர்த் குழி மறக்க வேண்டாம். பேனல் சட்டம், ஸ்டாண்டு, டிசி பக்கத்து சர்ஜ் கருவி (மின்னலின்போது பாயும் அதிக வோல்ட்டை எர்த்துக்குத் திருப்புவது) எல்லாம் எர்த்தோடு சேர வேண்டும். நம் செம்மண்ணும் செம்பராங்கல்லும் கோடையில் எலும்பாகக் காய்ந்துவிடும், அப்போது எர்த் சரியாக வேலை செய்யாது, குழியில் அவ்வப்போது தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

கோட்டையூர். ஓட்டுக்கூரையில் கிழக்குச் சரிவில் 5, மேற்குச் சரிவில் 5 பேனல். ஒரே ஸ்ட்ரிங்காக்கலாமா?

வேண்டாம். ஸ்ட்ரிங்கில் எல்லாப் பேனலிலும் ஒரே கரன்ட்தான் ஓட முடியும். காலையில் மேற்குச் சரிவு குறைவாகத் தந்தால் கிழக்கையும் அது கீழே இழுக்கும், சாயங்காலம் மாறி நடக்கும். ஆபத்து இல்லை, நஷ்டம். இரண்டு எம்பிபிடி உள்ள இன்வெர்ட்டர் வாங்கிச் சரிவுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

புதுவயல். வீட்டில் இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் பழைய யுபிஎஸ் இருக்கிறது. ஒரு 550 வாட் பேனலை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் என்ன?

24 வோல்ட் பேட்டரி நிறைந்த பிறகும் பேனல் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழிட்டு வாயு கிளம்பும், மூடிய அறையில் அது வெடிக்கக்கூடியது. நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். எம்பிபிடி வகையாக வாங்குங்கள். விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை 42 வோல்ட்டில் ஓட வேண்டிய பேனலைப் பேட்டரியின் 27-க்கு இழுத்துவிடும், 550 வாட்டில் 350தான் மிஞ்சும். பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒட்டினாற்போல ஒரு ஃபியூஸ். முதலில் பேட்டரியை மாட்டிவிட்டுப் பிறகு பேனல், கழற்றும்போது முதலில் பேனல்.

ஆத்தங்குடி. பேனலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஷாக் அடிக்குமா?

வயரும் கிளிப்பும் நன்றாக இருந்தால் அடிக்காது. ஆனாலும் விடியற்காலையில் கழுவுங்கள், மத்தியானச் சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். மேலே ஏறி நிற்கக்கூடாது. அடியில் கிளிப்புகள் இருக்கும் பக்கம் பீய்ச்ச வேண்டாம். கண்ணாடி உடைந்த பேனல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளையாகப் படியும், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் துடையுங்கள்.