மூன்று பாயிண்ட்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு வணிகக் கணிதம் நடத்துகிறேன். பாதிப் பேர் பிளஸ் டூவில் கணக்கே எடுக்காதவர்கள். அடிப்படையே இல்லை. வகைக்கெழு என்றதும் "கடை வைக்க இது எதுக்கு மேடம்?" என்கிறார்கள். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? தமிழில் நடத்தலாமா?

க.

அன்புள்ள க.,

தமிழில் தாராளமாக நடத்துங்கள். தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதிப்போட்டால் போதும்.

ஆனால் 'அடிப்படையே இல்லை' என்று எழுதினீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. யாருக்கு இல்லை? போன வாரம் ஆத்தூர் சாலையில் மரவள்ளி லோடு ஏற்றுவதைப் பார்த்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கம் கிழங்குக்கு விலை வெறும் எடையை வைத்து அல்ல, பாயிண்ட்டை வைத்து. நூறு கிலோ கிழங்கில் 28 கிலோ மாவுச்சத்து இருந்தால் 28 பாயிண்ட். பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்றால் டன் 8,400.

நான் பி.காம். படித்தபோது அப்பாவோடு ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு லோடு கொண்டுபோனேன். 28 வரும் என்று நம்பிப் போனோம். சீட்டில் 25 என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "மூணு பர்சென்ட்தானேப்பா கொறஞ்சிருக்கு" என்றேன். அந்தப் பருவத்தில் கணக்கில் எனக்கு 91 மதிப்பெண்.

அப்பா லாரிவரை பேசவேயில்லை. அப்புறம் சொன்னார்: "பத்து டன் கொண்டாந்தோம். ஒரு டன்னுக்கு மேல சும்மா கொட்டிட்டுப் போறோம்டா."

28இல் 3 போனால் 10.7 சதவீதம். நான் கழித்தேன், அவர் வகுத்தார். அவர் படித்தது ஐந்தாவது.

சதவீதம் என்றாலே 'எதில்?' என்று கேட்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க இதையே நடத்துங்கள், பாடத்திட்டம் ஓடிவிடாது. 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னும் 10 என்றால் 30 அல்ல, 28. ஏன்? இரண்டாவது பத்து எதில்? ஓராண்டு மாதத் தவணைக்கு 12 சதவீதம் 'பிளாட்' வட்டி என்கிறான் பைனான்ஸ்காரன். அசல் மாதாமாதம் குறைய, வட்டியை மட்டும் முழு அசலுக்கும் போடுகிறான். மீதிக் கடனில் கணக்கிட்டால் 21ஐத் தாண்டும். உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் அப்படிப் பைக் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். நீங்களும் வாங்கியிருக்கலாம்.

வகைக்கெழு எதற்கு என்றால், கிழங்கை மண்ணில் விட்டால் எடை கூடும். ஆனால் மழை பெய்து மறுபடி துளிர்விட்டால் பாயிண்ட் இறங்கும். எந்த வாரம் பிடுங்குவது? எடை கூடும் வேகத்தையும் பாயிண்ட் இறங்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வகைக்கெழு. வாழப்பாடி, தலைவாசல் பக்கத்துப் பிள்ளை ஒருவராவது உங்கள் வகுப்பில் இருப்பார். அவரை எழுப்பி இன்று பாயிண்ட் என்ன விலை என்று கேளுங்கள். தெரியாது என்றால் வீட்டுக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், இல்லையா? பல்கலைக்கழகம் சொன்னதே இருக்கட்டும்.