கணவர் சொன்னதைக் கோர்ட்டில் சொல்லியாக வேண்டுமா?

கேள்வி: என் கணவர் மீது பண மோசடி வழக்கு. அரசுத் தரப்புச் சாட்சியாக எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. அவர் என்னிடம் தனியாகச் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் வாரண்டு வரும். மனைவிக்கென்று முழு விலக்கு கிடையாது. மணவாழ்வின்போது கணவர் உங்களிடம் சொன்ன பேச்சுக்கு மட்டுமே பாதுகாப்பு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 128-வது பிரிவு இது. பழைய சாட்சியச் சட்டத்தில் 122.

நீதிபதி முதலில் பார்ப்பது, கேட்கப்படுவது பேச்சா, செயலா என்பதை. 1954-ல் ராம் பரோசே என்பவர் மீதான கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது இங்கேதான். கணவன் இருட்டோடு கூரையிலிருந்து இறங்கி வந்ததையும் குளித்ததையும் மனைவி சொல்லலாம். நகையைப் பற்றி அவளிடம் அவன் சொன்னது சாட்சியமாகாது. உங்கள் கணவர் பணக்கட்டைப் பீரோவில் வைத்ததைப் பார்த்திருந்தால் மறைக்க முடியாது. "இது இன்னாருடைய பணம்" என்று அவர் சொன்னதற்குத்தான் பாதுகாப்பு.

அடுத்தது, எப்போது சொன்னார். நிச்சயதார்த்தத்துக்குப் பின், தாலி கட்டும் முன் சொன்னது இதில் வராது. கல்யாணத்துக்குப் பின் சொன்னதோ, விவாகரத்தானாலும் வெளியே வராது.

பலர் சறுக்குவது இன்னோரிடத்தில். இந்த உரிமை சொன்னவருடையது. நீங்களே சொல்ல விரும்பினாலும் கணவர் சம்மதிக்காமல் கோர்ட் அனுமதிக்காது. தம்பதிக்குள் நடக்கும் வழக்கிலும், ஒருவர் மற்றவருக்குக் குற்றம் இழைத்த வழக்கிலும் இந்தத் தடை இல்லை. விவாகரத்து வழக்கொன்றில், ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையே 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

வாட்ஸ்அப்பில் கவனம் தேவை. கணவனின் கடிதம் மூன்றாமவர் கையில் இருந்தால் அவர் மூலம் நிரூபிக்கலாம் என்று எம்.சி.வர்கீஸ் வழக்கில் தீர்ப்பு உண்டு. எனவே யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அழிக்கவும் வேண்டாம், தடயத்தை அழித்ததாக உங்கள் மீதே வழக்கு வரலாம். கணவர் தன் வக்கீலிடம் ரகசியமாகச் சொன்னதற்கு 132-வது பிரிவின் பாதுகாப்பு உண்டு. ஆடிட்டரிடம் சொன்னதற்கு அது கிடையாது.

கூண்டில் மொத்தமாக வாய்மூடி நிற்காதீர்கள்; தக்க காரணமின்றிப் பதில் மறுத்தால் 7 நாள் வரை காவலில் வைக்கலாம். அந்தந்தக் கேள்வி வரும்போது, "இது மணவாழ்வில் கணவர் என்னிடம் சொன்னது, 128-வது பிரிவு தடுக்கிறது" என்று நீதிபதியிடம் சொல்லி, ஆட்சேபணையைப் பதிவு செய்யக் கேளுங்கள்.

உங்களையே சிக்கவைக்கும் கேள்வி வந்தால் 137-வது பிரிவு. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கோர்ட் கட்டாயப்படுத்திப் பெற்ற பதிலை, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர வேறெதிலும் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அதற்கு முதலில் ஆட்சேபித்திருக்க வேண்டும். தானாகச் சொன்ன பதிலுக்கு இந்தக் கவசம் இல்லை.