முதலாளியே இல்லாதவர்கள் தொழிற்சங்கம் வைத்து என்ன பயன்?

பயன் உண்டு. சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய இலா பட் அதைச் செய்தே காட்டினார்.

என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தார். கணக்கெடுக்க வந்தவர் ‘வேலை இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்தில்தான் தைத்து முடித்த புடவைகள் அடுக்கியிருந்தன. அதனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

இலா பட் சட்டம் படித்தவர். 1955இல் அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். ஆலைக்கு வெளியே ஏராளமான பெண்கள் உழைப்பதையும், எந்தச் சட்டமும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்லாததையும் அங்கேதான் பார்த்தார். துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கிய பெண்களுக்குக் கூலி சரியாகக் கிடைக்காததைப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் மறுத்து, நாங்கள் நியாயமான கூலிதான் தருகிறோம் என்று பதில் வெளியிட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பதிலையே அட்டையில் அச்சடித்து அந்தப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார். ‘நீங்களே சொன்ன கூலி இது, கொடுங்கள்’ என்று கேட்க அது போதுமே! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் 1972இல் இப்படிச் சுயமாக உழைக்கும் பெண்களுக்கான சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். முதலாளி இல்லையே, யாரை எதிர்த்துப் போராடுவீர்கள்? சங்கம் என்பது ஒருவரை எதிர்க்க மட்டும் இல்லை, தொழிலாளர்கள் ஒன்றுசேரவும்தான் என்று வாதாடி, பதிவும் வாங்கினார்.

1981இல் குஜராத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் வந்தது. தலித்துகள் பக்கம் பேசியதால், சேவா பிறந்த தாய்ச் சங்கமான பஞ்சாலைத் தொழிலாளர் சங்கமே அவரை வெளியேற்றியது. சேவா அதோடு நின்றுவிடவில்லை, தனியாக வளர்ந்தது.

அதற்கு முன்பே, 1974இல், சேவாவின் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கியிருந்தார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வங்கி நடத்த அது பெரிய சிக்கல். சரி என்று பாஸ்புக்கில் அவர்கள் போட்டோவை ஒட்டினார்கள். தான் சம்பாதித்த காசு, தன் பெயர், தன் முகம்.

அம்மாவுக்குக் கடைசிவரை தன் பெயரில் ஒரு பாஸ்புக் கிடையாது. தையல் காசெல்லாம் அப்பா கணக்கில்தான் இருந்தது.