நினைவகம் துண்டுபடுவதைப் பார்க்க ஹில்பர்ட் வளைவு எதற்கு?

நினைவகத்தின் காலி இடம் சிறு சிறு துண்டுகளாகச் சிதறுவதைப் படமாக்க, முகவரி வரிசைப்படி வரிவரியாக நிரப்பிய படமே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸின் பௌதிக நினைவகத்தை (ரேம்) பொறுத்தவரை அது போதாது என்பதே என் பதில்.

1 ஜிபி நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் 2,62,144 பக்கங்கள் வரும். பக்கத்துக்கு ஒரு பிக்சல் என்றால் 512க்கு 512 சதுரப் படம். அதை வரிவரியாக நிரப்பும்போது, 2 எம்பி பெரும்பக்கம் (பல பக்கங்களைச் சேர்த்து ஒன்றாகக் கையாளும் பெரிய பக்கம்) ஒன்றுக்குத் தேவையான 512 தொடர் பக்கங்கள் ஒரு பிக்சல் உயரமே உள்ள ஒற்றைக் கோடாகிவிடுகின்றன. கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் 1891இல் விவரித்த, சதுரத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரே தொடர் பாதையாக வளைந்து கடக்கும் வளைவின் வழியே அடுக்கினால், அதே 512 பக்கங்கள் 16க்கு 32 செவ்வகமாகத் திரள்கின்றன. இது தற்செயல் அல்ல. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் நினைவகத்தை ஒதுக்கித் தரும் பட்டி (buddy) அலோகேட்டர், அதை இரண்டின் அடுக்குகளாக, அந்தந்த அளவின் மடங்கான முகவரியிலிருந்தே பகுத்துக் கொடுக்கிறது. ஹில்பர்ட் வளைவும் தளத்தை நான்கு நான்காகவே பகுத்துச் செல்கிறது. ஆகவே, அலோகேட்டர் ஒரு தொகுதியாகக் கருதுவது எதுவோ, அது படத்தில் சதுரமாகவோ, இரு சதுரங்கள் சேர்ந்த செவ்வகமாகவோ கண்ணுக்குக் கிடைக்கிறது.

துண்டுபடுதலில் முக்கியமான கேள்வி எவ்வளவு இடம் காலி என்பதன்று, அது எந்த அளவுத் தொகுதிகளாகக் காலி என்பதே. ஒவ்வொரு 512 பக்கத் தொகுதியிலும் நகர்த்த முடியாத ஒரே ஒரு பக்கம் அமர்ந்துவிட்டால், நினைவகத்தில் 99.8 சதவீதம் காலியாக இருந்தும் ஒரு பெரும்பக்கம்கூடக் கிடைக்காது. கெர்னல் தரும் பட்டிஇன்ஃபோ (/proc/buddyinfo) கோப்பு, ஒவ்வொரு அளவிலும் எத்தனை காலித் தொகுதிகள் எஞ்சியுள்ளன என்று எண்ணிச் சொல்லும். எந்தச் செவ்வகத்தை எந்தப் பக்கம் கெடுத்தது என்பதைப் படம்தான் காட்டும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். அடுத்தடுத்த முகவரிகள் படத்திலும் ஒட்டியே இருக்கும் என்பது உறுதி. ஆனால் படத்தில் ஒட்டியிருப்பவை முகவரியிலும் அடுத்தடுத்தவை என்று கொள்ளக் கூடாது. படத்தின் நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள பிக்சல்கள் பல இடங்களில் முகவரியால் வெகு தொலைவில் இருப்பவை. எனவே தொகுதி எல்லைகளை மெல்லிய கோடுகளாக வரைந்துவிடுவது நல்லது.

தரவுக்கு ரூட் உரிமையுடன் கேபேஜ்ஃபிளாக்ஸ் (/proc/kpageflags) கோப்பைப் படித்தால் போதும்; ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் நிலையைச் சொல்லும் 64 பிட் கொடிகள் கிடைக்கும். கெர்னல் தன் உள்பயனுக்கு எடுத்த, பொதுவாக நகர்த்த முடியாத ஸ்லாப் பக்கங்களுக்கு மட்டும் தனி நிறம் கொடுங்கள். காம்பாக்‌ஷனை (பக்கங்களை நகர்த்திக் காலி இடத்தை ஒன்றுசேர்க்கும் கெர்னல் பணி) இயக்கி, முன்னும் பின்னும் இரண்டு படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். பயனர் நிரல்களின் பக்கங்கள் பெரும்பாலும் ஒதுங்கி வழிவிட்டிருக்க, அந்த நிறப் புள்ளிகள் எந்தெந்தச் செவ்வகங்களில் அசையாமல் நிற்கின்றனவோ, அவைதான் உங்களுக்குப் பெரும்பக்கம் கிடைக்காமல் தடுப்பவை.