செயின்கேஸை எத்தனை தடவை திறந்தார்கள்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பனி சீசன் தொடங்குமுன் என் ஸ்னோமொபைலை (பனியில் ஓட்டும் வண்டி) டீலரிடம் விட்டேன். செயின்கேஸ் (வண்டியை ஓட்டும் செயின் இருக்கும் பெட்டி) ஆயிலை மாற்றி, கிளட்சையும் பெல்ட்டையும் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னேன். நடுவில் போன் வந்தது: "டிரைவ் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கு, மாத்திடலாமா?" சரி என்றேன். கடைசியில் பில்லைப் பார்த்தால், பேரிங் மாற்ற 5 மணி நேரக் கூலி, செயினும் கீழ் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் மாட்டும் பல் சக்கரம்) மாற்ற இரண்டரை மணி நேரம், செயின்கேஸ் ஆயில் மாற்றி செயினை டைட் செய்ய 1 மணி நேரம், அப்புறம் ஒரு புது பெல்ட், இதற்கெல்லாம் மேலே 'ஷாப் சப்ளைஸ்' (துடைக்கிற துணி போன்ற சில்லறைச் செலவு) என்று மொத்தக் கூலியில் ஒரு சதவீதம். செயினைப் பற்றி என்னிடம் யாரும் வாயே திறக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா, இல்லை எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பதில்: பேரிங்குக்கு 5 மணி நேரம் என்பதைப் பார்த்துத்தான் உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனால் அந்த வரியில் பெரிய தப்பு இல்லை. இடிப்பது அதற்குக் கீழே இருக்கும் இரண்டு வரிகள்தான்.

இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி முதல் கிளட்சிலிருந்து பெல்ட் வழியாக இரண்டாவது கிளட்சுக்குப் போகிறது. அது ஜாக்ஷாஃப்ட் என்ற தண்டைச் சுழற்றுகிறது. அந்த ஷாஃப்ட்டின் மறுமுனை செயின்கேஸுக்குள் இருக்கிறது, அங்கே மேல் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து செயின் வழியாகக் கீழ் ஸ்ப்ராக்கெட்டுக்கு இறங்கி, டிரைவ் ஷாஃப்ட்டைத் திருப்பி, டிராக்கை (வண்டிக்கு அடியில் பனியில் உருளும் பட்டை) ஓட்டுகிறது. இப்போது டிரைவ் ஷாஃப்ட்டை வெளியே எடுக்க வேண்டுமென்றால் என்னென்ன கழற்ற வேண்டும் என்று பாருங்கள். ஆயிலை வடிக்க வேண்டும், செயின்கேஸ் மூடியைத் திறக்க வேண்டும், செயினைத் தளர்த்தி ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து எடுக்க வேண்டும், பின்பக்க சஸ்பென்ஷனை போல்ட் கழற்றி டிராக்குக்குள்ளிருந்து இறக்க வேண்டும், அப்புறம்தான் ஷாஃப்ட் வெளியே வரும். ஈரத்தில் ஓடி துருப்பிடித்த வண்டியாக இருந்தால் ஒரு போல்ட்டே மெக்கானிக்கின் பாதி நாளைச் சாப்பிட்டுவிடும். 5 மணி நேரம் என்பது அநியாயம் இல்லை.

ஆனால் அந்த 5 மணி நேரத்துக்குள் செயினும் கீழ் ஸ்ப்ராக்கெட்டும் ஏற்கெனவே கழன்று பெஞ்சில் கிடக்கின்றன. பழையதைத் திருப்பி மாட்டுவதற்குப் பதில் புதியதை மாட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பொருளுக்கு விலை வாங்கட்டும், கூலி தனியாக இரண்டரை மணி நேரம் எதற்கு? ஆயிலும் அப்படியே. வடிக்காமல் திறக்க முடியாது, ஊற்றாமல் மூட முடியாது, செயினை டைட் செய்யாமல் மூடியைப் போடுகிறவர் மெக்கானிக்கே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் கூலி நேரப் புத்தகத்தில் இத்தனை மணி என்று ஒரு கணக்கு இருக்கும், பல கடைகள் அதைத்தான் பில்லில் போடுகின்றன, அதில் தப்பில்லை. மெக்கானிக் சீக்கிரம் முடித்தால் கடைக்கு லாபம், இழுத்தால் கடைக்கு நஷ்டம். ஆனால் புத்தகத்தில் உள்ளது ஒவ்வொரு வேலையையும் தனியாகச் செய்தால் ஆகும் நேரம். மூன்றையும் ஒரே திறப்பில் செய்துவிட்டு மூன்று நேரத்தையும் கூட்டினால், மூடியைத் திறந்த கூலியை மூன்று தடவை வாங்கியதாக ஆகிறது. உங்கள் பில்லில் எட்டரை மணி நேரம் நிற்கிறது. ஐந்தரை என்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஏன் கீழ் ஸ்ப்ராக்கெட் மட்டும்? மேலே இருப்பதுதான் சின்னது, பற்கள் குறைவு, ஒவ்வொரு பல்லும் அடிக்கடி செயினில் மாட்டுகிறது, அதனால் அதுதான் பொதுவாக முதலில் தேயும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புது செயினைப் போட்டால் அந்தச் செயினும் சீக்கிரம் போய்விடும். கீழே உள்ளதில் பல் உடைந்திருந்தது என்றால் சரி, அந்தப் பல்லைக் காட்டட்டும்.

கடைக்குப் போகும்போது சண்டை வேண்டாம், கவுண்டரில் நிற்கிற பையனிடமும் பேச வேண்டாம், அவனுக்கு இதில் அதிகாரம் இல்லை. சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள். பில்லை வைத்துப் பேசாமல் வேலை உத்தரவுச் சீட்டைக் கேளுங்கள், அதில் மெக்கானிக் என்ன பார்த்தார், யார் எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்று எழுதியிருக்க வேண்டும். செயினுக்கு உங்கள் ஒப்புதல் அங்கே இல்லையென்றால் பாதி வாதம் அங்கேயே முடிந்தது. அப்புறம் ஒரே கேள்வி: "இந்த மூன்று வேலைக்கும் செயின்கேஸை எத்தனை தடவை திறந்தீர்கள்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கூலியைக் குறைக்க ஒத்துக்கொண்டால் ஷாப் சப்ளைஸ் சதவீதத்தையும் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள், மணி கூடினால் துடைக்கிற துணிக்கும் விலை கூடும் வினோதக் கணக்கு அது.

பழைய பாகங்களையும் கேளுங்கள். பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினாலே தெரியும், கரகரவென்று இருந்தாலோ உள்ளே கிரீஸுக்குப் பதில் துரு நீர் இருந்தாலோ அது உண்மையிலேயே போனதுதான். எந்தப் பக்கப் பேரிங் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் செயின்கேஸுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதை ஷாஃப்ட்டை வெளியே எடுக்காமலே மாற்றிவிடலாம், அப்படி என்றால் அந்த 5 மணி நேரத்தையும் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: பெல்ட் அறுந்து போகவில்லை, வெடிப்பும் இல்லை. ஆனாலும் டீலர் மாற்றிவிட்டார். நியாயமா?

பதில்: அறுவதற்கு முன்னாலேயே பெல்ட்டின் ஆயுள் முடியலாம். அகலம் குறைந்தால் கிளட்சின் நடுவில் ஆழமாக இறங்கி வேகமும் இழுவையும் மாறிவிடும். குறைந்தபட்ச அகலம் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்தால் வாதமே இல்லை. பக்கங்கள் கண்ணாடி போல மின்னினாலோ, ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ மாற்றியது சரி. இரண்டும் இல்லை, அகலமும் இருக்கிறது என்றால் பழையதை வாங்கி வண்டியிலேயே ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் ஒன்று வேண்டும். புது பெல்ட்டில் முதல் கொஞ்ச தூரம் முழு வேகம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: செயின்கேஸ் ஆயிலை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. பல வண்டிகளில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டருக்குள்தான் பிடிக்கும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்குமுன் பாருங்கள், சாம்பல் நிறப் பசை போல நுண்துகள் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், விரலில் உருட்டக்கூடிய துண்டு இருந்தால் மூடியைத் திறந்தே ஆக வேண்டும். வடிகால் போல்ட்டே இல்லாத மாடல்களில் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும் அல்லது மூடியைக் கழற்ற வேண்டும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, ஆயில் வாங்கிய ரசீதோடு வையுங்கள், வாரன்டி பேச்சு வந்தால் உதவும். போலாரிஸ் கம்பெனியின் சில மலை மாடல்களில் செயினே கிடையாது, பல் வைத்த பெல்ட்தான், அதற்கு இந்த ஆயில் வேலையே இல்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு யாராவது செயின்கேஸ் ஆயில் மாற்றியதாக பில் கொடுத்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.