புள்ளைய வீட்லயே படிக்க வைக்கப் போறீங்களா? மொதல்ல பேப்பரை எடுத்து வைங்க: வந்த கேள்விங்களுக்கு பதில்

ஸ்கூல் ஃபீஸ் கட்டற மாசம் வந்தா போதும், எனக்கு மெசேஜ் குவிஞ்சிடும். இந்த தடவை முப்பதுக்கு மேல வந்துது, பாதி ஒரே கேள்விதான், அதனால சேர்த்து வச்சு சொல்லிடறேன். ஊர் பேரு மட்டும் போடறேன், ஆள் பேரு வேணாம்.

குடியாத்தம்: பொண்ணுக்கு 7 வயசு. ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டு வீட்லயே சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கோம். கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கு, போலீஸ் வந்துடும்னு மாமனார் சொல்றாரு. நெஜமா?

போலீஸ் வராதும்மா. ஆனா மாமனார் சொல்றதுல பாதி சரி. 2009ல போட்ட ஆர்.டி.இ, அதான் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல்ல இருந்து நடப்புல இருக்கு, 6ல இருந்து 14 வயசு புள்ளைங்களுக்கு. அதுல பத்தாவது பிரிவு, புள்ளைய பக்கத்து ஸ்கூல்ல சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது. சேர்க்கலன்னா இன்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எங்கயும் எழுதல. ஹோம்ஸ்கூலிங்கற வார்த்தையே அதுல கெடையாது. அந்த சந்துலதான் நாம எல்லாரும் குடித்தனம் பண்ணிகினு இருக்கோம். அதனால பயப்படவும் வேணாம், "எங்களுக்கு சட்டமே அனுமதி குடுத்திருக்கு"ன்னு ஆபீஸ்ல போய் சவுண்டு விடவும் வேணாம். பர்த் சர்டிபிகேட்லயும் ஆதார்லயும் பேரு, இனிஷியல், பொறந்த தேதி மூணும் ஒண்ணா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஊர் போடல: ஹோம்ஸ்கூல் டீடெயில்ஸ் ப்ளீஸ்.

இன்னா டீடெயில்ஸ்? புள்ளைக்கு வயசு எத்தனை, இப்ப இன்னா கிளாஸ், டி.சி வாங்கியாச்சா, ஒண்ணுமே எழுதாம மூணு வார்த்தைல கேட்டா நான் கிளி ஜோசியமா சொல்றது? அடுத்து.

ஆற்காடு பக்கத்துல ஒரு கிராமம்: ஊர் ஸ்கூல் டீச்சருங்க வீட்டுக்கு வந்து பையன் ஏன் வரலன்னு கேட்டாங்க. திரும்ப வந்தா கதவைத் தெறக்காம இருந்துடலாமா?

ஏங்க, அவங்க என்ன குழுக் கடன் வசூலுக்கா வந்தாங்க? பள்ளி செல்லா குழந்தைகள் கணக்கெடுப்புன்னு வருஷா வருஷம் எடுக்கறாங்க, பையன் எமிஸ்ல, அதான் கல்வித்துறையோட மாணவர் கணக்கு, அதுல எந்த ஸ்கூல்லயும் இல்லாத புள்ளைங்க லிஸ்ட்டான காமன் பூல்ல கெடப்பான், அதைப் பாத்துட்டு தேடிகினு வந்திருப்பாங்க. வெயில்ல வந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க, பையனோட நோட்டு, புக்கு, என்னைக்கு என்ன படிச்சான்னு தேதி போட்டு எழுதின டைரி, எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க. நம்ம பக்கம் பீடி முறத்து முன்னாடியும் தறிக்குப் பக்கத்துலயும் புள்ளைங்க உக்காந்திருந்த காலத்தைப் பாத்தவங்க அவங்க. 14க்கு கீழ இருக்கற புள்ளைய வேலைக்கு வைக்கவே கூடாதுன்னு 2016ல சட்டத்தைத் திருத்தி இறுக்கிட்டாங்க. அதனால வீட்ல இருக்கற புள்ளன்னாலே அவங்களுக்கு சந்தேகம் வரும், வரணும். டைரி இல்லன்னா இன்னைக்கு ஆரம்பிங்க.

ராணிப்பேட்டை: ஒருத்தர் சி.இ.ஓ ஆபீஸ்ல "ஹோம்ஸ்கூல் பர்மிஷன் லெட்டர்" வாங்கித் தரேன், 15,000 ஆகும்ங்கறாரு. அட்வான்ஸ் 5,000 குடுத்துட்டோம். நம்பலாமா?

குடுத்துட்டு கேக்கறீங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இதையே எத்தனை தடவை சொல்றது. அப்படி ஒரு லெட்டரே கெடையாதுங்க. முதன்மைக் கல்வி அலுவலர் சி.இ.ஓ தர மாட்டாரு, மாவட்டக் கல்வி அலுவலர் டி.இ.ஓ தர மாட்டாரு, வட்டாரக் கல்வி அலுவலர் பி.இ.ஓ தர மாட்டாரு, ஏன்னா ஹோம்ஸ்கூலுக்கு ரிஜிஸ்டர் பண்ற ஏற்பாடே நம்ம ஊர்ல இல்ல, இல்லாத ரிஜிஸ்டருக்கு எவன் கையெழுத்து போடுவான்? நாலு வருஷம் முன்னாடி எங்க காட்பாடில ஒரு அம்மா லேமினேஷன் பண்ண பேப்பர் ஒண்ணு எடுத்துகினு வந்தாங்க, மேல சிங்கம் மாதிரி ஒரு முத்திரை, கீழ பச்சை இங்க்ல கையெழுத்து, 20,000 சொச்சம் குடுத்து வாங்கினதாம். அதுல புள்ளையோட பொறந்த வருஷமே தப்பு. அதைக் கொண்டு போய் ஒரு ஆபீஸ்ல நீட்டினா என்ன ஆகும்? இவ்ளோ நாள் உங்களைக் கண்டுக்காம இருந்தவங்க அப்பதான் ஃபைல் ஓப்பன் பண்ணுவாங்க, போலி பேப்பர் வச்சிருக்கறதுக்கு தண்டனை நெஜமாவே இருக்கு.

இதே ஆளுங்க இன்னொரு வேலையும் பண்றாங்க. மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து பன்னெண்டு பதினஞ்சு புள்ளைங்களைச் சேர்த்து, யூனிஃபார்ம் மட்டும் இல்லாம மத்த எல்லாம் வச்சு, "லேர்னிங் சென்டர், என்.ஐ.ஓ.எஸ் அப்ரூவ்ட்"னு போர்டு மாட்டி வருஷத்துக்கு அம்பதாயிரம் அறுபதாயிரம் வாங்கறாங்க. அது ஹோம்ஸ்கூல் இல்ல, அங்கீகாரம் இல்லாத ஸ்கூல். ஆர்.டி.இ 18வது பிரிவுல நடத்தறவங்களுக்கு 1 லட்சம் வரைக்கும் அபராதம், அப்புறமும் நடத்தினா ஒரு நாளைக்கு 10,000. சீல் வச்சா அவன் அடுத்த தெருவுல வேற பேர்ல கடை போடுவான், நம்ம புள்ளைங்கதான் நடுத்தெருவுல நிக்கும், கட்டின பணமும் திரும்பாது. என்.ஐ.ஓ.எஸ்ங்கறது மத்திய அரசோட ஓப்பன் ஸ்கூல், அதுல பத்தாவதுக்கு ஆன்லைன்ல நீங்களே அப்ளை பண்ணலாம், அட்மிஷன், எக்ஸாம் ஃபீஸ் எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரத்துல முடிஞ்சிடும், நடுவுல ஒருத்தன் தேவையே இல்ல. நாலு வீட்டுப் புள்ளைங்க சாயங்காலம் ஒண்ணா உக்காந்து படிக்கறது வேற, அதுக்கு ஒண்ணும் இல்ல. போர்டு, ஃபீஸ், பெல்லுன்னு வந்துட்டா ஒதுங்கிடுங்க. 5,000 போனது போச்சு, மிச்சம் 10,000ஐ காப்பாத்துங்க.

ஆம்பூர்: ரெண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி. ஸ்கூல்ல டி.சி தர மாட்டேங்கறாங்க, தந்தாலும் பாக்கின்னு எழுதித்தான் தருவாங்களாம்.

எழுதக் கூடாது. 2024 ஜூலைல மெட்ராஸ் ஹைகோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, டி.சி ஃபீஸ் வசூல் பண்ற ஆயுதம் இல்ல, அதுல பாக்கி பத்தி எழுதக் கூடாதுன்னு. வாயால கேக்காதீங்க, லெட்டர் எழுதிக் குடுங்க, ஒரு காப்பில ரசீது கையெழுத்து வாங்குங்க, தரலன்னா தனியார் பள்ளிகளுக்குன்னு இருக்கற டி.இ.ஓ ஆபீஸ்ல மனு போடுங்க. அதுக்காக பாக்கி தள்ளுபடி ஆயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, அந்தக் கடன் கடன்தான். நெறைய பேர் டி.சி வாங்காமலே நின்னுடறாங்க, மூணு வருஷம் கழிச்சு தேவைப்படும்போது ஸ்கூலே மூடியிருக்கும்.

மேல்விஷாரம்: பையனை ரெண்டு வருஷம் ஹிஃப்ஸ் (குர்ஆன் மனப்பாடம்) ஓத மதரஸாவுல விட்டிருக்கோம். ஆர்.டி.இல பிரச்சனை வருமா?

வராது. 2012 திருத்தத்துல மதரஸா, வேத பாடசாலை ரெண்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு போட்டாச்சு. பிரச்சனை வேற எடத்துல இருக்கு, ஹிஃப்ஸ் முடிச்சு வரும்போது கணக்கும் இங்கிலீஷும் மறந்திருக்கும். தினம் ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்க முடியுமான்னு உஸ்தாத்கிட்ட இப்பவே பேசிடுங்க. 12½ வயசு முடிஞ்சா தனித்தேர்வரா, அதாவது ஸ்கூல்ல சேராம நேரா, எட்டாவது பரீட்சை எழுதலாம்.

காட்பாடி: என் பொண்ணுக்கு பெருமூளை வாதம், தூக்கிகினுதான் போகணும். ஸ்கூலுக்கு அனுப்ப முடியல. எங்களையும் ஹோம்ஸ்கூல்னு சொல்லலாமா?

சொல்ல வேண்டியதே இல்லம்மா, உங்களுக்கு சட்டத்துலயே எடம் இருக்கு. அதே 2012 திருத்தத்துல, கடுமையான குறைபாடு இருக்கற புள்ளைங்க வீட்லயே கல்வி பெறலாம்னு உரிமையா எழுதியிருக்கு. யு.டி.ஐ.டி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்துகினு உங்க வட்டார வள மையத்துக்குப் போங்க, சிறப்பாசிரியரும் பிசியோதெரபி பண்றவங்களும் வீட்டுக்கு வர்றதுக்கு அங்கதான் ஏற்பாடு. பேரு ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருக்கும், எடுத்துடாதீங்க. கார்டுல இருக்கற பேரும் பர்த் சர்டிபிகேட் பேரும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்குங்க.

வாணியம்பாடி: பையன் செம ப்ரைட், 12 வயசு. இந்த வருஷமே பத்தாவது எழுத வைக்கலாமா, அடுத்த வருஷம் பன்னெண்டாவது?

முடியாது. என்.ஐ.ஓ.எஸ்ல பத்தாவதுக்கு 14 முடிஞ்சிருக்கணும். ஸ்டேட் போர்டுல தனித்தேர்வர்னா 14½, அதுக்கு முன்னாடி எட்டாவது பாஸ், சயின்ஸ் செய்முறை பயிற்சிக்கும் பேரு பதிஞ்சு போயிருக்கணும். என்.ஐ.ஓ.எஸ்லயும் பத்து முடிச்சு பன்னெண்டு முழுசா வாங்க ரெண்டு வருஷம் எடவெளி விடணும். அவனை கொஞ்சம் வெளையாட விடுங்க சார்.

சத்துவாச்சாரி: பேத்தி வீட்லயே படிக்கறா. டாக்டர் ஆகணும்ங்கறா. ஓப்பன் ஸ்கூல்ல படிச்சா நீட் எழுத விடுவாங்களா?

விடுவாங்க ஐயா. டெல்லி ஹைகோர்ட் 2018லயே சொல்லி, 2024ல சுப்ரீம் கோர்ட்டும் ஓகே பண்ணிடுச்சு. பன்னெண்டாவதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் எடுக்கணும், அவ்ளோதான். ஆனா கைய விட்டுப் போறது ஒண்ணு இருக்கு, யாரும் முன்னாடி சொல்றதில்ல. அரசுப் பள்ளி புள்ளைங்களுக்கு மெடிக்கல்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020ல வந்தது, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா கெடைக்கும். புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய், அதுக்கும் அரசுப் பள்ளி, இல்லன்னா அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் வேணும். பேத்தி இப்ப அஞ்சாவதுன்னு எழுதியிருக்கீங்க, ஊட்ல வசதி கொஞ்சம் கம்மின்னா ஆறாவதுக்கு பக்கத்து அரசுப் பள்ளிலயே சேர்த்துட்டு சாயங்காலம் நீங்க சொல்லிக் குடுங்க. ஹோம்ஸ்கூல் பத்தி எழுதற ஆளே இப்படி சொல்றானேன்னு பாக்காதீங்க, எனக்கு இது கட்சி இல்ல. பேத்தி ஸ்கூலுக்கு வெளியிலயே படிச்சான்னா என்.ஐ.ஓ.எஸ்ல தமிழையும் ஒரு பாடமா எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி எழுதினா தமிழ்த் தேர்வு கட்டாயம், 2021ல இருந்து.

திருப்பத்தூர்: மூணு வருஷம் வீட்ல வச்சோம், எங்களால முடியல. பையனுக்கு 10 வயசு. திரும்ப சேர்த்துப்பாங்களா, ஒண்ணாவதுல உக்கார வச்சுடுவாங்களா?

சேர்த்துப்பாங்க, வயசுக்கு ஏத்த கிளாஸ்லயே, ஆர்.டி.இ சட்டத்தோட நாலாவது பிரிவு அதைத்தான் சொல்லுது. டெஸ்ட் வச்சு வடிகட்டக் கூடாது, டி.சி இல்ல, லேட்டா வந்தீங்கன்னு திருப்பியும் அனுப்பக் கூடாது. முடியலன்னு ஒத்துக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல, என் சின்னவனும் ஏழாவதுல திரும்பப் போனவன்தான். போற அன்னைக்கு பர்த் சர்டிபிகேட், ஆதார், பழைய எமிஸ் நம்பர் மூணும் கைல இருக்கட்டும், அந்த இனிஷியலை மட்டும் வாசல்ல நின்னு பாக்காம மொத நாள் ராத்திரியே பாத்துடுங்க.