ஆனர்ஸ் ஆய்வேடும் ஒரு பார்வதியும் – கடிதம்

வணக்கம்,

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கலை வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான்காம் ஆண்டில் ஆனர்ஸ் தீசிஸ் எழுத ஆசை. ஏப்ரலில் துறைக்கு முன்வரைவு தர வேண்டும். ‘சோழர் செப்புத்திருமேனிகளில் பெண் உருவம்: 9 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பேராசிரியர் ரொம்பப் பெரிது என்கிறார். எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கோடையில் இந்தியா போக வாய்ப்பில்லை. நியூயார்க் இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். தமிழ் நன்றாக வாசிப்பேன், அது இதற்கு உதவுமா? ஓவியமும் வரைவேன். ஆய்வேட்டோடு ஓர் ஓவியத் தொடரையும் சேர்த்து வைக்கலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் பேராசிரியர் சொல்வது சரி. இளங்கலை ஆய்வேடு என்பது பெரும்பாலும் ஐம்பது அறுபது பக்கம், சுமார் 15,000 சொற்கள். மற்ற வகுப்புகளுக்கு நடுவே இரண்டு பருவங்களில் முடிக்க வேண்டியது. நானூறு ஆண்டுச் சிற்ப வரலாறு அதற்குள் அடங்காது.

ஆனால் அளவு மட்டும் சிக்கல் இல்லை. உங்கள் தலைப்பில் அதைவிட ஆழமான ஓட்டை ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகப் பலகையில் ‘சுமார் 10ஆம் நூற்றாண்டு’ என்று எழுதியிருக்கிறதே, அந்தக் காலக்கணிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பாணியை ஒப்பிட்டுத்தான். இடை எவ்வளவு ஒசிகிறது, மூக்கு எவ்வளவு கூர்மை, அணிகலன் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்து முன்னே பின்னே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அந்த வரிசையை எடுத்துக்கொண்டு ‘பெண் உருவம் இப்படி மாறிவந்தது’ என்று நீங்கள் எழுதினால், பாணியை வைத்துக் காலம், காலத்தை வைத்துப் பாணி என்று வட்டமடிப்பீர்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனராகிய சிவன் (1011), அவர் தேவி (1012) போலக் கல்வெட்டால் ஆண்டு தெரிந்த திருமேனிகள் மிகக் குறைவு. அவையும் நீங்கள் இப்போது போக முடியாத தஞ்சாவூரில் இருக்கின்றன. வாய்மொழித் தேர்வில் இரண்டாம் வாசகர், அதாவது வழிகாட்டியோடு சேர்ந்து ஆய்வேட்டை மதிப்பிடும் இன்னொரு ஆசிரியர், கேட்கும் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே காலவரிசையை விட்டுவிடுங்கள். போய்ப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு திருமேனியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நிற்கும் பார்வதி ஒன்று இருக்கிறது. பதிவு எண் 57.51.3, உயரம் 69.5 செ.மீ., 1956இல் உயில் வழியாக வந்தது. கேள்வியையும் சிறிதாக்குங்கள். ‘இந்தத் திருமேனியின் பீடமும் தேய்மானமும் அதன் வழிபாட்டு வாழ்வைப் பற்றி என்ன சொல்கின்றன?’ இதற்குப் பொருளைப் பார்த்தே பதில் தேடலாம். காலக்கணிப்பு ஐம்பது ஆண்டு முன்பின் ஆனாலும் உங்கள் வாதம் விழாது.

முதல் வேலை, எதையும் படிப்பதற்கு முன் அதன் எதிரே இரண்டு மணி நேரம் நின்று எழுதுவது. உற்சவ மூர்த்தி என்பதால் பார்க்க வேண்டியவை தெளிவானவை. பீடத்தில் தண்டு செருகவோ கயிறு கட்டவோ துளையோ வளையமோ உண்டா? பிரபாவளி (திருமேனியைச் சூழும் ஒளிவட்டம்) பொருத்தும் முளை இருக்கிறதா, ஒடிந்ததா? முகத்தில் மூக்கு, கன்னம், புருவம் வழவழவென்று மழுங்கியிருந்தால் அது அபிஷேகமும் துடைப்பும் செய்த வேலை. பள்ளங்களில் கூர்மை மிஞ்சி, மேடுகள் மட்டும் தேய்ந்திருக்கும். மண்ணில் புதைந்த செம்பில் வரும் பச்சைக் களிம்பு மேடு பள்ளம் பார்க்காது. ஒரே திருமேனியில் இரண்டும் இருந்தால் எது முந்தி என்பதே ஒரு பக்கம் எழுதக்கூடிய விஷயம். பூசையில் இருந்தபோது பட்டும் மாலையும் மூடியிருந்த இடுப்பும் தொடையும் ஏன் இவ்வளவு நுணுக்கமாக வார்க்கப்பட்டன என்ற கேள்வி அங்கிருந்து தானாகவே எழும்.

பின்புறத்தை மறந்துவிடாதீர்கள். கழுத்தில் விழும் குழல் சுருள்கள், தலைக்குப் பின்னே சிரச்சக்கரம், முதுகில் இறங்கும் அணிகள் எல்லாம் அங்கேதான். கண்ணாடிப் பேழை சுவரோடு ஒட்டியிருந்தால் எதுவும் தெரியாது. பேழையைத் திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒரு மாணவருக்காகச் செய்ய மாட்டார்கள். பின்புறம், பீடத்தின் அடிப்பகுதி ஆகியவற்றின் படங்களும், பொருள்களைச் சிதையாமல் பேணும் பிரிவின் அறிக்கையும் இருந்தால் பார்க்க அனுமதி வேண்டும் என்று ஆசியக் கலைத் துறைக்கு எழுதுங்கள். பதிவு எண், திட்டமான இரண்டு கேள்விகள், நீங்கள் வரக்கூடிய தேதிகள் ஆகியவற்றைக் குறித்து, வழிகாட்டிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ‘இந்தச் சிலை பற்றிய எல்லாத் தகவலும் தேவை’ என்று எழுதும் மாணவருக்கு இணையதளச் சுட்டிதான் பதிலாக வரும். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். செப்டம்பரில் எழுத உட்காருவதற்கு மே மாதமே அனுப்பிவிட வேண்டும்.

கைமாறிய வரலாறு தனி அத்தியாயம் ஆக வேண்டியதில்லை, ஆனால் மௌனமாகக் கடக்கவும் கூடாது. கலைப்பொருள்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முன்பே வந்தது என்பது அருங்காட்சியகத்தின் இன்றைய நிலைப்பாட்டுக்கு உதவும். அது எந்தக் கோயிலுடையது என்பதற்கு அது பதில் ஆகாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு தொடங்கியதே 1956இல்தான். அதற்குள் உங்கள் பார்வதி அமெரிக்காவில் இருந்தாள். அவளுடைய படமே அங்கே கிடைக்காது. கோயில்களில் இன்னும் பூசையில் இருந்த ஒப்பான திருமேனிகளுக்கு அந்தத் தொகுப்பு பயன்படும். தெரிந்தவரை எழுதி, சங்கிலி எங்கே அறுகிறது என்று ஒரு வரியில் சொல்லுங்கள்.

இப்போது தமிழ். இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், அளிக்கப்பட்ட செப்புத்திருமேனிகளை ஒவ்வொன்றாக வர்ணிக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. பல இடங்களில் உயரம் ‘பாதாதி கேசாந்தம்’ என்று வரும். பாதத்திலிருந்து முடி எல்லை வரை இத்தனை விரல் என்று சொல்லி, பீடத்தையும் பிரபையையும் தனித்தனியே அளந்திருப்பார்கள். அருங்காட்சியகம் தருவதோ பெரும்பாலும் பீடம் சேர்த்த மொத்த உயரம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு பாழ். முறையாகப் பார்க்க, நேர் எதிரே எடுத்த படத்தில் பீடத்துக்கும் உருவத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து, உங்கள் பார்வதியின் தனி உயரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் எதை முக்கியம் என்று எண்ணினார்கள் என்பது அந்தப் பட்டியலில் நேராகவே இருக்கிறது. மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து எழுதுபவருக்கு இது இவ்வளவு துல்லியமாகக் கைக்கு வராது.

உங்கள் வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கல்வெட்டு வரிக்கும் ரோமன் எழுத்தில் எழுத்துப்பெயர்ப்பும் உங்கள் சொந்த மொழிபெயர்ப்பும் பின்னிணைப்பில் இருக்கட்டும். எழுத்துப்பெயர்ப்புக்குத் தமிழ் லெக்சிகன் முறையை முதல் வாரமே முடிவுசெய்துவிடுங்கள். மார்ச்சில் முந்நூறு இடங்களில் திருத்துவது நரகம். இரண்டாம் வாசகராகச் சமயவியல் துறையிலோ தெற்காசியத் துறையிலோ ஒருவரைக் கேளுங்கள். வழிகாட்டி அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறாரா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றும் செப்புத்திருமேனி வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் தொலைபேசியில் பேசப்போவதாக இருந்தால், பேசுவதற்கு முன் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். விலக்கு கிடைக்கலாம், அதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

எழுதும் வரிசை: பொருளின் வர்ணனை முதலில், கல்வெட்டு அடுத்து, முன்னோர் ஆய்வுகள் பற்றிய பகுதி அதற்குப் பிறகு, முன்னுரை கடைசியில். முன்னோர் ஆய்விலிருந்து தொடங்கியவர்கள் நவம்பர் முழுவதும் அதிலேயே மூழ்கி, டிசம்பரில் பிறர் சொன்னதன் சுருக்கம் இருபது பக்கத்தோடு நிற்பார்கள். பிப்ரவரி முடிவோடு புதிய வாசிப்பை நிறுத்திவிடுங்கள்.

படங்களில் மெட்ரோபாலிடனின் பொது உரிமைப் படங்களை 2017 முதல் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். கிளீவ்லாந்து அருங்காட்சியகத்திலும் 2019 முதல் அப்படித்தான். பேழைக்குள் நீங்களே எடுக்கும் கைபேசிப் படத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பு விழும். குறிப்புக்கு அது போதும், அச்சுக்கு ஆகாது. புதுச்சேரிப் படங்களுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். ஆய்வேடு கல்லூரியின் இணையக் காப்பகத்தில் ஏறினால் அது வெளியீடாகவே கருதப்படலாம்.

ஓவியத் தொடர் இந்த ஆண்டு வேண்டாம். ஸ்டுடியோ ஆனர்ஸ் என்பது தனிப் பாதை. அதற்குக் கண்காட்சி, அதை ஒட்டிய எழுத்து, தனி மதிப்பீட்டுக் குழு எல்லாம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஏப்ரலில் இரண்டும் அரைகுறையாக நிற்கும். ஆனால் பேழை முன்னால் பென்சிலால் வரையுங்கள், நிறைய வரையுங்கள். மற்ற கருவிகள் பல கூடங்களில் அனுமதி இல்லை. ஒரு கைவிரலின் வளைவை வரைந்து பார்த்தால்தான், அது மலர் செருகுவதற்காகக் குவிந்த கடக முத்திரை என்பதும், மலர் செருகும் இடைவெளி எவ்வளவு என்பதும் பிடிபடும். அந்த வரைபடங்களில் நான்கைந்தைத் தேய்மானம் குறித்துக் காட்டும் விளக்கப்படங்களாக ஆய்வேட்டிலேயே சேர்க்கலாம். உங்கள் பேராசிரியர் மறுக்கமாட்டார்.